இரண்டு பேர் எடை

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தொட்டில் என்றுதான் சொல்வார்கள். உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிறுகளில் தொங்கும் நீளமான பெட்டி அது. அதில் இரண்டு பேர் நின்றுகொண்டு வெளிப்பக்கக் கண்ணாடிகளைக் கழுவி, வழித்து, துடைத்துக்கொண்டே இறங்குவார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது ஒருத்தன் வாயிலும் நுழையவில்லை. தொட்டில் என்று முதலில் சொன்னவன் எவனோ, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அது ஆடுகிற ஆட்டத்தில் பெரிய ஆளும் பிள்ளை மாதிரி கம்பியைக் கட்டிக்கொள்வான்.

அப்படி ஒரு தொட்டிலில் வருஷக்கணக்காக ஒன்றாக நின்ற இரண்டு பேர். மூத்தவனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்துகிற பொத்தான் இல்லாத ரேடியோ. மேலே ஏறும்போது ஆரம்பித்தால் தரையில் கால் வைக்கும்வரை வாய் மூடாது. மச்சான் புது வண்டி வாங்கி முதல் நாளே சுவரில் விட்டது, மாமியார் காது கேட்காததுபோல் நடித்துக் குடும்பத்து ரகசியத்தை எல்லாம் கறந்தது, எல்லாம் திரும்பத் திரும்ப வரும். இளையவன் பெயர் மூட்டை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆளைப் பார்த்தாலே தெரியும். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், பேச்சு என்றால் 'ம்' கொட்டுவதோடு சரி. ஒருத்தன் பேசவும் ஒருத்தன் கேட்கவும் பிறந்ததுபோல் அப்படி ஒரு பொருத்தம்.

மூட்டை பிறக்கும்போதே மூட்டையாகப் பிறந்துவிடவில்லை. அம்மா இருந்தவரைக்கும் வேளாவேளைக்குத் தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். அம்மா போன பிறகு தட்டு அலமாரிக்குப் போய்விட்டது. தனி ஆளுக்கு எதற்கு அடுப்பு, எதற்குப் பாத்திரம், யார் கழுவுவது என்று ஆரம்பித்தது. காலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பன். வேலைக்கு நடுவே பிஸ்கட். சாயங்காலம் கடையில் ஏதாவது பொரித்தது. வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் சிப்ஸ் பாக்கெட், அது தீர்ந்தால் இன்னொன்று, தூக்கம் வரும்வரை கை பாக்கெட்டுக்கும் வாய்க்குமாக நடந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லையே.

இல்லை, ஒரே ஒருத்தி இருந்தாள். ரேடியோவின் மனைவி. அண்ணி என்று இவன் சொல்வான், ஆனால் நேரில் பார்த்தது கைவிரல் விட்டு எண்ணக்கூட வராது. தினமும் அவள் ஒரு வட்ட டப்பா கொடுத்து அனுப்புவாள். வறுத்த கடலை, எண்ணெயில் பொரித்த மாவு வில்லைகள், சர்க்கரை தூவிய துண்டுகள் என்று நாளுக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து. பாதி உயரம் இறங்கியதும் தொட்டிலை நிறுத்திவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து, ஊரையே கீழே போட்டுக்கொண்டு இருவரும் கொறிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அண்ணி முதலில் கேட்பது, "தம்பி சாப்பிட்டானா? எப்படி இருந்துச்சாம்?" என்பதுதானாம். மறுநாள் காலையில் ரேடியோ அதை வந்து சொல்வான். உலகத்தில் தன்னைப் பற்றி ஒரு வீட்டில் ஒரு கேள்வி தினமும் கேட்கப்படுகிறது என்பது மூட்டைக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அவன் வெளியே சொல்லிக்கொள்ளமாட்டான், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ரேடியோ எத்தனையோ தடவை கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாடா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ." இவன் ஒவ்வொரு தடவையும், "இன்னொரு நாள் பாக்கலாம்ணே" என்று நழுவிவிடுவான். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி அந்த ஒற்றை அறைக்குத் திரும்பி வர வேண்டுமே, அந்தப் பயம். அசடு! கூப்பிடுகிறவனும் எத்தனை நாள்தான் கூப்பிடுவான்? நாளாக நாளாக அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி புதுத் தொட்டில் வாங்கியது. பழசைவிடச் சின்னது, பளபளப்பு ஜாஸ்தி, தாங்குகிற எடை கம்மி. கிடங்கில் சரக்கு நிறுக்கிற தராசுப் பலகை ஒன்று உண்டு. ஜோடி ஜோடியாக, வாளி, கயிறு, இடுப்புப் பட்டையோடு அதில் ஏறி நிற்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக்கூடாது. மற்ற ஜோடிகள் ஏறி இறங்கினார்கள். இவர்கள் ஏறியதும் முள் ஓடிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

சூப்பர்வைசர் கெட்டவன் இல்லை. "பாருங்கப்பா, ரேடியோ விறகுக்குச்சி மாதிரி இருக்கான், அவன்கிட்ட குறைக்க ஒண்ணுமில்ல. மூட்டை, நீதான் பாத்துக்கணும். மழை முடிஞ்சதும் புதுசை இறக்குறோம். அன்னைக்கு மறுபடி நிறுப்பேன். அப்பவும் கோட்டைத் தாண்டினா ஜோடியை மாத்திடுவேன், என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

வேலை போகாது, சம்பளம் குறையாது, ஜோடி மாறும், அவ்வளவுதானே என்று மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மூட்டை அன்று பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டான். ரேடியோ போய்விட்டால் காலையிலிருந்து இரவுவரை அவன் காதில் விழப்போவது பஸ் கண்டக்டர் குரலும் டிவிக்காரி குரலும்தான். அவன் பயந்தது அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

மறுநாளே கம்பெனி கிளினிக்குக்குப் போனான். அங்கே இருந்த நர்ஸம்மா மருந்து எதுவும் எழுதவில்லை.

"நாள் பூரா என்ன சாப்பிடறீங்க?"

சொன்னான். சொல்லி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இதுல சாப்பாடு எங்கே இருக்கு?" என்றாள் அவள். "மூணு வேளை உக்காந்து சாப்பிடுங்க. சோறு, பருப்பு, காய், முட்டை, பழம், சாதாரணமா இருந்தா போதும். பட்டினி வேண்டாம். நடுவுல மட்டும் எதுவும் வேண்டாம். கை டப்பாவுக்குப் போச்சுன்னா, வயிறு கேக்குதா, வாய் கேக்குதா, சும்மா பொழுது போகலையான்னு உங்களையே கேட்டுப் பாருங்க. அப்புறம் நடங்க. பஸ்ல ஏறாதீங்க, லிஃப்ட்ல ஏறாதீங்க. தொட்டில்ல நின்னா போதாது, கால் நடக்கணும்."

அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக் கழுவினான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றுகூடத் தெரியவில்லை. முதல் நாள் மூன்று பேருக்கு ஆகிவிட்டது. மேஜையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, டிவியை அணைத்துவிட்டு, தட்டு முன்னால் உட்கார்ந்தான். அப்பாடா, அந்த அமைதி! பாக்கெட்டைப் பிரித்துக் கொறித்தபோது தெரியாதது, தட்டு வைத்து உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. எதிரே இருந்த நாற்காலி காலியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்த நாற்காலி. அழுதுகொண்டே சாப்பிட்டான். ஆனால் எழுந்து டிவியைப் போடவில்லை, அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொட்டிலில்தான் பெரிய சோதனை காத்திருந்தது. பாதி உயரத்தில் ரேடியோ டப்பாவைத் திறந்து நீட்டினான்.

"வேணாம்ணே."

"என்னடா, அண்ணி கை திடீர்னு கசந்துபோச்சா?"

விஷயத்தைச் சொன்னான். ரேடியோ கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினான். "சபாஷ்டா! அப்படித்தான் இருக்கணும். இன்னைக்கே அவகிட்ட சொல்லிடறேன், இனிமே உனக்குச் சேத்துச் செய்ய வேண்டாம்னு."

மூட்டை அவசரமாகக் கணக்குப் போட்டான். அவள் செய்வதை நிறுத்தினால் கேட்பதையும் நிறுத்திவிடுவாளே! தம்பி சாப்பிட்டானா, எப்படி இருந்துச்சாம்? அந்தக் கேள்வியும் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

"வேணாம்ணே, அண்ணிகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் படமாட்டா."

"சொல்லாதீங்கண்ணே. எப்பவும் போல நான் சாப்பிட்டேன்னே சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"அப்ப டப்பாவுல மிச்சம் இருந்தா என்ன பண்றது?"

"நீங்களே எப்படியாவது பாத்துக்குங்கண்ணே."

ரேடியோ அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "சரி, பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான், நன்றாகவே.

அன்றிலிருந்து கொறிக்கிற நேரம் வந்தால் ரேடியோ தொட்டிலின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வான். இவன் கண்ணில் பட்டு ஆசை வந்துவிடக்கூடாதாம். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அந்த நேரத்தில் ரேடியோ பாடுவது நின்றுபோயிற்று. மச்சான் கதையும் இல்லை, மாமியார் கதையும் இல்லை. இவன் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு இந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பான், காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணி கொடுத்ததை வேண்டாம் என்றதில் அண்ணனுக்கு மனத்தாங்கல் என்று இவனாக முடிவு கட்டிக்கொண்டான். கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. கட்டடம் கட்டடமாகப் படியேறினான். முதலில் நாய் மாதிரி இரைத்தது, அப்புறம் பழகிவிட்டது. வேலை முடிந்ததும் குடையை விரித்துக்கொண்டு வீடுவரை நடப்பான். பஸ்ஸில் போனபோது பார்க்காத தெருக்களை எல்லாம் பார்த்தான். சாயங்கால வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜன்னலிலும் யாராவது யாருக்காவது பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜன்னல்களைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் கூட்டுவான். வீட்டுக்கு வந்து சோறு வடித்து, பருப்பு வேகவைத்து, ஒரு காயை நறுக்கி வதக்கி, உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். அதற்கப்புறம்தான் கஷ்டம். தூக்கம் வரும்வரை அந்தக் கைக்கு வேலை இல்லை. வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா என்று கேட்டுப் பார்ப்பான். இரண்டும் கேட்காது. வேறு ஏதோ கேட்கும். அதற்கு என்ன கொடுப்பது என்று நர்ஸம்மா சொல்லித் தரவில்லை.

ஆனால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. முழங்கால் வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறிப் பார்த்தான்; சிவப்புக் கோட்டுக்கு உள்ளே வருவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. அங்கேயே நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கடைக்காரரிடம், "குறைஞ்சிருச்சு சார்" என்றான். அவர் நிமிராமல், "மருந்துச் சீட்டு இருக்கா?" என்றார்.

நிறுக்கிற நாள் வந்தது. மூட்டை அன்றைக்குப் புதுமாப்பிள்ளை மாதிரி தலை வாரிக்கொண்டு வந்திருந்தான். கிடங்கில் எல்லோரும் கூடி நின்று, "அடேயப்பா, மூட்டை அவிழ்ந்துபோச்சுடா, இனிமே பையின்னுதான் கூப்பிடணும்" என்று கிண்டல் செய்தார்கள். அவனுக்கு வாய் காதுவரை போயிற்று. ரேடியோ மட்டும் பின்னால் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வாளி, கயிறு, பட்டை எல்லாவற்றோடும் இருவரும் பலகையில் ஏறினார்கள். முள் ஓடியது. ஆடியது. பழைய இடத்துக்கே போய், சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"தராசு கெட்டுப்போச்சு சார்" என்றான் மூட்டை.

"இப்பதான் உனக்கு முன்னாடி ரெண்டு ஜோடி ஏறுச்சு, சரியா காட்டுச்சே" என்ற சூப்பர்வைசர், "ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்றான். மூட்டை தனியாக ஏறினான். மருந்துக் கடை மெஷின் சொன்னதையே இதுவும் சொன்னது. பிறகு ரேடியோ ஏறினான். சூப்பர்வைசர் முள்ளைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். "யோவ், நீ எப்பய்யா இப்படி ஊதினே?"

அப்போதுதான் மூட்டை அவனைச் சரியாகப் பார்த்தான். தினமும் பார்க்கிற முகம், தொளதொளப்பான வேலை உடுப்பு, எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது பார்த்தால் விறகுக்குச்சி எங்கே? கன்னம் உப்பியிருந்தது. இடுப்புப் பட்டை கடைசி ஓட்டைவரை தளர்ந்திருந்தது. மூட்டை என்கிற இந்தப் புண்ணியவான் மழைக்காலம் முழுக்கத் தன் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, அடுத்தவன் பட்டையை எங்கே பார்த்தான்?

"அண்ணே..."

"என்னை என்னடா பண்ணச் சொல்றே?" என்றான் ரேடியோ. "கொட்டிடலாம்னு பாத்தேன், கை வரலடா. அவ விடியறதுக்கு முன்னால எழுந்து செய்யறா. சாயங்காலம் போனா, தம்பிக்குப் பிடிச்சுதா, உப்பு சரியா இருந்துச்சான்னு துருவித் துருவிக் கேக்கறா. பதில் சொல்றதுக்காவது உன் பங்கைத் தின்னு பாக்கணுமில்ல? நீ சொன்னேன்னுதான் அவகிட்ட வாயைத் தொறக்கல."

"கோடியில போய் உக்காந்தது... பேசாம இருந்தது..."

"வாய் நிறைய வச்சிக்கிட்டு எப்படிடா பேசறது?"

கிடங்கே சிரித்தது. சூப்பர்வைசர்கூடத் திரும்பி நின்று சிரித்தான். மூட்டைக்கும் சிரிப்புதான் வந்தது, ஆனால் அது வருகிற வழியில் என்னவோ ஆகிவிட்டது. அண்ணன் கோபமாக இல்லை. ஒரு நாள்கூடக் கோபமாக இல்லை. தனக்காகத் தின்றுகொண்டிருந்திருக்கிறான். ஒரு வார்த்தை, அண்ணி, எனக்கு வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று இரண்டு பேரும் கோட்டுக்கு உள்ளே நின்றிருப்பார்கள். அந்த ஒரு கேள்வியை விட மனமில்லாமல் ஆளையே விட்டுவிட்டான்.

சூப்பர்வைசர் சொன்ன சொல் மாறவில்லை. அவனுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ரேடியோவை உட்பக்கக் கண்ணாடிக்கு மாற்றினான். அது கட்டடத்துக்குள்ளே செய்கிற வேலை. தொட்டில்காரர்கள் வந்து வெகு நேரம் கழித்து வந்து, அவர்கள் போய் வெகு நேரம் கழித்துப் போகிற கூட்டம். மூட்டைக்குப் புதிதாக ஒரு ஒல்லி ஆளை ஜோடி சேர்த்தார்கள். நல்ல வேலைக்காரன், காதில் இயர்போன் செருகினால் சாயங்காலம்தான் எடுப்பான். பேசினால் பல் கொட்டிவிடும் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வாசலில் ஒரே ஒரு நாள் ரேடியோவைப் பார்க்க முடிந்தது. "உங்க அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சுடா" என்றான். "என் கையால செஞ்சதை வச்சு ரெண்டு பேரும் சேந்து என்கிட்ட பொய் சொன்னீங்களான்னு ஒரு பிடி பிடிச்சா. டப்பாவைக் கவுத்து அலமாரி மேல வச்சுட்டா. இனிமே எனக்கும் மூணு வேளைச் சோறுதான், நடுவுல பச்சைத் தண்ணி." சொல்லிவிட்டுச் சிரித்தான். தம்பி சாப்பிட்டானா என்று அவள் கேட்டதாகச் சொல்வான் என்று மூட்டை எதிர்பார்த்தான். ரேடியோ அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் மதியம். தொட்டில் கட்டடத்தின் நடுப்பகுதியில் நின்றது. புது ஆள் அந்தக் கோடியில் இயர்போனோடு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். சோறு, பருப்பு, கொஞ்சம் காய், ஒரு முட்டை. எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிழலாடியது. ரேடியோ! கையில் தண்ணீர் வழிக்கிற கட்டை, தோளில் துணி. இவனைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக, அங்கேயே ஜன்னல் மேடையில் உட்கார்ந்து தன் டப்பாவையும் எடுத்தான். திறந்து கண்ணாடி மேல் சாய்த்துக் காட்டினான். அதே சோறு, அதே பருப்பு.

இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். நடுவில் திறக்க முடியாத தடிமனான கண்ணாடி. ரேடியோ பேச ஆரம்பித்தான். கேட்காது என்று தெரியும், ஆனாலும் விடுவானா? கைகள் ஸ்டியரிங் பிடித்தன, வலப்பக்கம் திரும்பின, சுவரில் மோதின. மச்சான் வண்டி. கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. அவன் சிரிக்கிற இடத்தில் இவனும் சரியாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் காற்றே இல்லை அன்று.

மூட்டை டப்பாவை மூடினான். வாசலில் வைத்துக் கேட்கலாம், வழியில் வைத்துக் கேட்கலாம், ஆனால் காதில் விழுகிற இடத்தில் அவனுக்கு வாய் வராது. இங்கே வந்தது. கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ச் சத்தமாகவே சொன்னான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?"

அந்தக் கோடியில் இருந்தவன் திரும்பவில்லை. ரேடியோ புருவத்தைச் சுருக்கி, காதருகே கையை வைத்து, என்ன என்று தலையை ஆட்டினான். கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்று கையைச் சுழற்றினான். சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

மூட்டை வாயைத் திறந்தான். பிறகு ஒன்றுமில்லை என்று கையை அசைத்தான். அவன் மூச்சு பட்டு ரேடியோவின் முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கியிருந்தது. துணியை எடுத்து, அந்த இடத்தை நன்றாகத் துடைத்தான். பிறகு தொட்டிலை இறக்கும் பொத்தானை அழுத்தினான்.